வகுப்புக்குப் போகும் சனிக்கிழமைக்குச் சம்பளம் உண்டா?

வாசகர் கடிதம் (சுருக்கம்): ஈரோட்டில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து 24 பேர் வேலை செய்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு முடித்த பையன் ஒருவனைத் தொழிற்பழகுநராக (அப்ரன்டிஸ்) இணையத்தில் பதிவு செய்து, மாதம் 7,000 ரூபாய் தருவதாக ஒப்பந்தம் போட்டேன். ஒப்பந்தப்படி சனிக்கிழமைதோறும் அவன் பாட வகுப்புக்குப் போகிறான். அன்று பட்டறைக்கு வருவதில்லை. வேலை செய்யாத நாளுக்கு எதற்குச் சம்பளம் என்று மூன்று மாதமாக அந்த நாட்களுக்கான தொகையைப் பிடித்துவிட்டேன். இப்போது அவன் அப்பா வந்து கேட்கிறார். இரண்டாவதாக, நிரந்தர மெக்கானிக் ஒருவரை ஸ்கேனர் (வண்டியின் பழுதைக் கண்டறிய உதவும் மின்னணுக் கருவி) பயிற்சிக்காக மூன்று நாள் கோவைக்கு அனுப்பினேன். கட்டணத்தையும் நானே கட்டினேன். அந்த மூன்று நாளுக்கும் நான் கூலி தர வேண்டுமா? மூன்றாவதாக, பத்தாம் வகுப்பு முடித்த, 18 வயதான உறவுக்காரப் பையன் ஒருவன் ‘தொழில் பழக’ வந்து எட்டு மாதமாகிறது. அவனுக்கு டீ, சாப்பாடு, வாரம் 500 ரூபாய் தருகிறேன். நான் தொழில் பழகிய காலத்தில் என் மேஸ்திரி மூன்று வருடம் ஒரு பைசா தந்ததில்லை. கற்றுக்கொடுப்பவனே காசும் கொடுக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? கற்று முடித்ததும் பெரிய ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள். நீங்களே சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

மனதில் பட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படியே பதில் சொல்கிறேன். சனிக்கிழமைகளுக்காக நீங்கள் செய்த பிடித்தம் தவறு. அதைத் திருப்பித் தந்துவிடுங்கள். ஏன் தவறு என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சட்டத்துக்குப் பயந்து நீங்கள் தந்தால் அடுத்த பையனிடம் வேறு பெயரில் பிடிப்பீர்கள். காரணம் புரிந்து தந்தால் அந்தப் பேச்சே எழாது.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் வைத்திருக்கிறது. அதன் 10-வது பிரிவு, பட்டறையில் கைப்பயிற்சி பெறும் தொழிற்பழகுநருக்கு அந்தத் தொழில் சார்ந்த பாட வகுப்பும் தரப்பட வேண்டும் என்கிறது. அதே பிரிவின் 3-வது உட்பிரிவு, அந்த வகுப்புகளில் அவர் செலவிடும் நேரம் ஊதியம் தரப்படும் வேலைக் காலத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும் என்கிறது. 13-வது பிரிவோ, பயிற்சிக் காலம் முழுவதும், நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச விகிதத்துக்குக் குறையாமல் உதவித்தொகை தரும் பொறுப்பை உங்கள் மேல் வைக்கிறது. ஆகவே சனிக்கிழமை வகுப்பு என்பது பையன் எடுத்த விடுப்பு அல்ல. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி அவன் அன்று இருக்க வேண்டிய இடம் வகுப்பறைதான். அங்கே அவன் இருந்தால் உங்கள் வருகைப் பதிவேட்டிலும் இருந்தவனாகவே எழுதப்பட வேண்டும். சாதாரண விடுப்பிலும் மருத்துவ விடுப்பிலும் இருக்கும் நாளுக்குக்கூட உதவித்தொகையைப் பிடிக்கக் கூடாது என்று விதிகள் சொல்லும்போது, வகுப்புக்குப் போன நாளுக்குப் பிடிப்பதற்கு எந்த வழியும் இல்லை.

‘வேலை செய்யாத நாளுக்கு எதற்குச் சம்பளம்’ என்று கேட்கிறீர்கள். நிரந்தரத் தொழிலாளியைப் பற்றியதாக இருந்தால் அந்தக் கேள்விக்கு ஓரளவு பொருள் உண்டு. தொழிற்பழகுநரைப் பொறுத்தவரை அதில் ஓர் அடிப்படைப் பிழை இருக்கிறது. அதே சட்டத்தின் 18-வது பிரிவு, தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்று சொல்கிறது. இந்தப் பிரிவினால் முதலாளிகளுக்குக் கிடைக்கும் வசதிகளை நீங்கள் ஏற்கெனவே அனுபவித்துவருகிறீர்கள்: அவருக்கு வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டியதில்லை, ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டியதில்லை. அவர் தொழிலாளி அல்ல என்பதால்தான் அவருக்குத் தருவதற்குக் கூலி என்று பெயரில்லை, உதவித்தொகை என்று பெயர். அது அவர் கழற்றி மாட்டிய கிளட்ச் பிளேட்டுகளின் விலை அல்ல. இத்தனை வண்டி முடித்தால் இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் அவருக்குக் கணக்குப் பார்ப்பதையே 30-வது பிரிவு அபராதத்துக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. ஆக, அன்று வேலை நடக்கவில்லை என்பதைக் காட்டி உதவித்தொகையைக் குறைக்க முடியாது; தொடக்கத்திலிருந்தே அந்தத் தொகை நடந்த வேலையை அளந்து தரப்பட்டதல்ல. வைப்பு நிதி கட்டும் நேரத்தில் ‘அவன் தொழிலாளி இல்லை’ என்றும், சனிக்கிழமை வரும்போது ‘அவன் வேலை செய்யவில்லை’ என்றும் ஒருவரே சொல்ல முடியாது அல்லவா?

பண அளவையும் பார்த்துவிடலாம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால் 7,000 ரூபாயில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 269 ரூபாய் வருகிறது. மாதம் நான்கு சனிக்கிழமைக்கு 1,077 ரூபாய்; மூன்று மாதத்தில் 13 சனிக்கிழமை என்றால் 3,500 ரூபாய். நீங்கள் திருப்பித் தர வேண்டிய தொகை ஏறத்தாழ இவ்வளவுதான். மறுபக்கத்தையும் பாருங்கள். 2016-இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசே ஏற்கிறது. 2023 முதல் அந்தப் பங்கு பையனின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்கிறது. அந்தத் திட்டத்தில் நீங்கள் சேர்ந்திருந்தால் உங்கள் கையிலிருந்து போவது 5,500 ரூபாய்தான். நான்கு சனிக்கிழமைக்கு நீங்கள் பிடித்த தொகையைவிட, அரசு ஏற்றுக்கொள்ளும் பங்கு அதிகம். சேரவில்லையென்றால், 1,077 ரூபாய்க்காகப் பையனிடம் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, 1,500 ரூபாய்க்கு அரசிடம் விண்ணப்பிப்பதே உங்களுக்கு லாபம்.

7,000 என்பது ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் வைத்த அடிமட்டத் தொகை. அதற்குமேல் தர உங்களுக்குத் தடையில்லை. அந்த விதிகளில் 5,000 முதல் 9,000 வரை இருந்த விகிதங்களை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று 2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் குழு பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் நடப்பிலிருக்கும் விகிதத்தை இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். எனக்கு அதுதான் கடிதத்தின் முக்கியமான பகுதியாகத் தோன்றியது. அவர் உங்களுக்கு ஒரு பைசா தரவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் அந்த மூன்று வருடம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், தீபாவளிக்குத் துணி யார் எடுத்துத் தந்தார், தனியாகக் கடை வைத்தபோது முதல் ஸ்பேனர் செட் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்து மேஸ்திரிகளில் பலர் பையனைப் பட்டறையிலேயே படுக்க வைத்து, வீட்டுச் சோறு போட்டு, தொழில் பிடிபட்டதும் கையில் சாவியைக் கொடுத்து அனுப்பினார்கள். அதுவும் ஊதியம்தான், பணமாக எண்ணித் தரப்படவில்லை, அவ்வளவே. அந்த ஏற்பாட்டில் பையன் கற்றுக்கொண்டிருந்த நேரம், வேலை செய்த நேரம் என்று சோறு பிரித்துப் போடப்படவில்லை. இன்றைய பையன் பெருந்துறையிலிருந்தோ பவானியிலிருந்தோ பஸ் ஏறி வருகிறான், மதியம் கடையில் சாப்பிடுகிறான், மாலையில் வீடு திரும்புகிறான். பழைய முறையின் சோறும் இடமும் போன பிறகு, அதன் ‘சம்பளம் கிடையாது’ என்ற பாதியை மட்டும் வைத்துக்கொள்வது அந்த மேஸ்திரிக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். பணமில்லாத பயிற்சியை யாரால் தாங்க முடியும்? வீட்டில் வேறு வருமானம் உள்ளவனால் முடியும். அப்பா இல்லாத பையனாலும், தங்கையின் படிப்பைச் சுமப்பவனாலும் முடியாது. தொழிலாளர் வழக்குகளில் பல ஆண்டுகளாக நான் சந்தித்த இளைஞர்களில், நல்ல கையுள்ள எத்தனையோ பேர், பயிற்சியின் பாதியிலேயே பட்டறையை விட்டு, அன்றன்றைக்குக் காசு வரும் டெலிவரி வேலைக்கோ கட்டட வேலைக்கோ போயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தொழிலில் ஆசை இல்லை என்று அவர்களுடைய முதலாளிகள் சொன்னார்கள். ஆசை இருந்தது, மாதக் கடைசியில் பஸ்ஸுக்குக் காசு இல்லை. ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு பட்டறையும் புலம்புகிற இந்த நாளில், கிடைத்த ஆளை மாதம் ஆயிரம் ரூபாய்க்காக விரட்டுவது தொழிலுக்கே இழப்பு.

அந்த வகுப்பு உங்கள் பட்டறைக்கு என்ன செய்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் என்ஜின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிட்ட மேஸ்திரிகளின் திறமை பெரிது. காதாலும் கையாலும் அதைக் கற்க முடிந்தது, அதற்குப் பட்டறையே போதுமாக இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதிமுறை வந்த பிறகு விற்பனைக்கு வரும் வண்டியில் சென்சார், இன்ஜெக்டர், கன்ட்ரோல் யூனிட் ஆகியவை சேர்ந்து முடிவெடுக்கின்றன. ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீட்டு எண் பழுதின் இடத்தைக் காட்டாது, பழுதின் அறிகுறியைத்தான் காட்டும். மின்சுற்றுப் படத்தைப் படித்து, மல்டிமீட்டரில் எந்த இரு முனைகளுக்கு நடுவே என்ன வோல்ட் வர வேண்டும் என்று தெரிந்தவன்தான், சென்சார் கெட்டதா, வயர் அறுந்ததா என்று பிரித்துச் சொல்வான். தெரியாதவன் சென்சாரை மாற்றுவான், பழுது போகாது, அடுத்த சென்சாரை மாற்றுவான். அந்தச் செலவு வாடிக்கையாளர் தலையில் விழும், கெட்ட பெயர் உங்கள் தலையில் விழும். மின்சாரக் காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரும்பாலான மின்சாரக் கார்களின் பேட்டரியில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, அதன் இணைப்பை முறைப்படி துண்டிக்காமல் கை வைத்தால் உயிரே போகும். இவற்றையெல்லாம் வண்டி வரிசையில் நிற்கும் பட்டறையில், வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்கும்போது சொல்லித்தர உங்களுக்கு நேரமில்லை. உங்களால் முடியாததைச் சனிக்கிழமை வகுப்பு செய்கிறது. திங்கட்கிழமை காலையில் அதன் பயன் உங்கள் ராம்ப்பில் நிற்கும் வண்டிக்குத்தான் வருகிறது.

வெளிநாடுகளில் இது ஒரே மாதிரி இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில், பதிவு பெற்ற தொழிற்பழகுநர் திட்டத்தில், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்து, வகுப்பு நேரத்தில் உற்பத்தி வேலை எதுவும் நடக்காவிட்டால், அந்த நேரத்தைச் சம்பள நேரத்தில் சேர்க்காமல் விட அந்நாட்டு விதிகள் இடம் தருகின்றன. ஜெர்மனியில் நேர்மாறு: அங்கே கார் மெக்கானிக் பயிற்சி மூன்றரை ஆண்டு, தொழிற்பள்ளி நாட்களுக்குப் பையனை விடுவிக்கவும், அந்த நாட்களுக்கும் ஊதியம் தரவும் முதலாளி கடமைப்பட்டவர். நம் சட்டம் இந்த விஷயத்தில் ஜெர்மனியின் பக்கம் நிற்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

‘கற்று முடித்ததும் ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள்’ என்ற உங்கள் கவலை நியாயமானது. நீங்கள் செலவிட, பலனை இன்னொருவர் அறுவடை செய்வது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு மருந்து சம்பளப் பிடித்தம் அல்ல. சம்பளம் பிடிக்கப்பட்டவன் இன்னும் சீக்கிரமாகப் போய்விடுவான். சட்டமே வேறு வழி தந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தும் பட்டறைக்காரர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். 22-வது பிரிவின் 2-வது உட்பிரிவின்படி, பயிற்சி முடிந்ததும் உங்களிடமே இவ்வளவு காலம் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைப் பழகுநர் ஒப்பந்தத்திலேயே எழுதலாம். எழுதினால் அது இருவரையும் கட்டும்: தகுந்த வேலையை நீங்கள் தர வேண்டும், ஒப்பந்தத்தில் குறித்த சம்பளத்தில், குறித்த காலத்துக்கு அவர் வேலை செய்ய வேண்டும். காலமோ சம்பளமோ நியாயமற்றது என்று, இந்தச் சட்டத்தின்கீழ் உள்ள அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகர் கருதினால் அதைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு என்பதால், ஐந்து வருடம் என்றெல்லாம் எழுதாமல், மெக்கானிக்குக்கு ஊரில் கிடைக்கும் சம்பளத்தோடு ஒரு வருடம் என்று எழுதினால் நிற்கும். பயிற்சியின் நடுவிலேயே ஓடிவிடுவானோ என்ற பயத்துக்கும் விதியில் பதில் உண்டு. பையனின் தவறால் ஒப்பந்தம் முறிந்தால், கடைசியாக அவர் பெற்ற உதவித்தொகையின் மூன்று மாத அளவைப் பயிற்சிச் செலவாக அவரிடம் கோரலாம். ஆனால் முதலாளி ஒப்பந்தத்தை மீறியதால் முறிந்தால் அதே மூன்று மாதத் தொகையை முதலாளி தர வேண்டும். சனிக்கிழமைப் பிடித்தத்தைத் தொடர்ந்தால் நீங்கள் இரண்டாவது நிலையில்தான் நிற்பீர்கள். அதைக் காட்டிப் பையன் வெளியேறினால் 21,000 ரூபாய்க்குப் பேச்சு வரும்.

இரண்டாவது கேள்வியான ஸ்கேனர் பயிற்சியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அந்த மெக்கானிக்கை அனுப்பியவர் நீங்கள். அவர் போக மறுத்திருந்தால் உங்கள் முகம் சுளித்திருக்கும். ஸ்கேனர் உங்கள் பட்டறையுடையது. ஆகவே அந்த மூன்று நாளும் வேலை நாள், கூலி தர வேண்டும். அதில் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்திருந்தால் மாற்று விடுப்பு தாருங்கள். பஸ் கட்டணமும் சாப்பாடும் உங்கள் செலவே. இனி அனுப்பும் முன், ஒரு வருடத்துக்குள் அவராகவே விலகினால் பயிற்சிக் கட்டணத்தில் மீதிக் காலத்துக்கு உரிய விகிதத்தைத் தர வேண்டும் என்று எழுதிக்கொள்வதில் தவறில்லை. உண்மையாகக் கட்டிய கட்டணத்தை மட்டும் எழுதுங்கள், பயிற்சி நாட்களின் கூலியை அதில் சேர்க்காதீர்கள். ஒப்பந்த மீறலுக்கு நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு.

இதற்கு மாறாக, உங்கள் ஆள் ஒருவர் தானாக விரும்பி, வேலை நேரம் முடிந்து மாலையில் ஏதோ ஒரு படிப்பில் சேர்ந்தால், நீங்கள் கேட்காததும் உங்கள் பட்டறைக்குத் தேவையில்லாததுமான அந்த நேரத்துக்கு நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை. அதுபோல உங்கள் தொழிற்பழகுநர் காரணமில்லாமல் சனிக்கிழமை வகுப்புக்கும் போகாமல் பட்டறைக்கும் வராமல் இருந்தால், மற்ற நாளில் வராமலிருந்தால் என்ன செய்வீர்களோ அதையே விடுப்பு விதிப்படி செய்யலாம். பயிற்சி மையத்திடம் மாதம் ஒருமுறை வருகைச் சான்று கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது பையனின் நிலைதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது, நீங்களோ அவனைப் பற்றிக் கடைசியாக நான்கு வரி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உறவுக்காரன் என்பதும் ‘தொழில் பழக வந்தவன்’ என்பதும் சட்டத்தில் ஒரு நிலை அல்ல. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, தொழில் பழகுபவர்களில், பணியாளர் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைப்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமர்த்தப்பட்ட தொழிற்பழகுநரை மட்டுமே. பதிவு இல்லாத ஒப்பந்தம், அல்லது ஒப்பந்தமே இல்லாத ஏற்பாடு, அந்த விலக்கைத் தராது. ஆகவே எட்டு மாதமாக டயர் கழற்றி, ஆயில் மாற்றி, வண்டி கழுவித் தரும் அந்தப் பையன் உங்கள் பட்டறையின் பணியாளர். அவனுக்கு உரியது குறைந்தபட்சக் கூலி. வாரம் 500 ரூபாய் அதன் பக்கத்தில்கூட வராது. அவன் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் முறையான பாடமோ, தேர்வோ, கடைசியில் சான்றிதழோ இல்லாத கற்றலைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியாது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. நான் நடத்திய வழக்கு ஒன்றில், பதிவு செய்யப்படாத ஒரு ‘ஹெல்பர்’ பையன்மீது ஜாக்கி நழுவி வண்டி இறங்கியது. அவன் வேலைக்காரன் அல்ல, பழக வந்தவன் என்று முதலாளி சொன்னார். அந்தப் பேச்சு எடுபடவில்லை, ஈ.எஸ்.ஐ. பதிவும் இல்லாததால் மருத்துவச் செலவிலிருந்து இழப்பீடு வரை முழுப் பாரமும் அந்த மனிதர் மேலேயே விழுந்தது. அவர் கெட்டவர் அல்ல, பையனை மகன்போல வைத்திருந்தவர்தான். பதிவு பெற்ற தொழிற்பழகுநருக்கும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு 16-வது பிரிவின்படி உங்களுடையதே என்பதையும், அவருக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது என்பதையும் நினைவில் வைத்து, இருவருக்கும் சேர்த்து ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

இந்த உறவுக்காரப் பையனையும் நீங்கள் பதிவு செய்யலாம். நான்கு பேர் முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைக்குத் தொழிற்பழகுநரை எடுப்பது விருப்பம்தான், கட்டாயமில்லை. எடுத்தால் மொத்த ஆட்களில் 15 சதவீதம் வரை எடுக்கலாம் என்பதால், 24 பேர் உள்ள உங்களுக்கு மூன்று பேர் வரை இடம் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 2019 விதிகளின்படி குறைந்தபட்சம் 6,000 ரூபாய். அவன் ஐ.டி.ஐ. படிக்காதவன் என்பதால் முதலில் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். அந்த மாதங்களும் பயிற்சிக் காலமே, உதவித்தொகை அப்போதும் உண்டு. முடிவில் தேர்வு எழுதித் தேசிய அளவிலான சான்றிதழ் பெறுவான். எட்டு மாதமாக உங்களிடம் எண்ணெய்க் கறையோடு நிற்கும் அவனுக்கு இன்றுவரை கையில் ஒரு காகிதம்கூட இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிடித்த தொகையைக் கணக்கிட்டு, ‘சனிக்கிழமை வகுப்பு நாட்களுக்கான உதவித்தொகை நிலுவை’ என்று குறித்து, பையனின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள்; கையில் தராதீர்கள். ஒரு மாதத்துக்குரிய தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது விதி, அதை இனி தவறவிடாதீர்கள். பதிவேட்டில் சனிக்கிழமைக்கு எதிரே ‘வகுப்பு’ என்று எழுதி, வருகையாகவே கணக்கிடச் சொல்லுங்கள். பையனின் அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். மேலாளரை அனுப்ப வேண்டாம். பிறகு உறவுக்காரப் பையனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அவனையும் கூட அழைத்துக்கொண்டு, உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போய் உதவி இயக்குநரைப் பாருங்கள். ஊக்குவிப்புத் திட்டத்தில் பங்கு பெறுவதற்கான பதிவையும், 22-வது பிரிவின்கீழ் ஒரு வருட வேலை நிபந்தனையை எப்படி எழுதுவது என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அந்தப் பதிவு முடியும் நாள்வரை, வாரம் 500 ரூபாய் என்பதை நிறுத்தி, குறைந்தபட்சக் கூலியை அவனுக்குத் தாருங்கள். கடந்த எட்டு மாத நிலுவையை எப்படித் தீர்ப்பது என்று அவனுடைய பெற்றோரை வைத்துக்கொண்டு பேசி, எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.